மோர்க் கரண்டி

என் மகளுக்கு வயது ஆறு. அவளுக்கு மூட்டுவாதம்.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே" என்பார்கள். நானும் முதலில் அதையேதான் கேட்டேன். குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "பசங்களுக்கும் வரும்ப்பா. வெளிய பெஞ்சுல பாரு" என்றார். வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சு முழுக்கப் பிள்ளைகள். முட்டி வீங்கிய ஒரு பையன் பக்கத்தில் இருந்த பெண்ணின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கிள்ளினாள். எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

நாங்கள் மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் இஸ்திரி போடுகிறோம். மரத்தடியில் வண்டி. நான் தேய்ப்பேன். மனைவி வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவாள், தேய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தெருக்கோடியில் ஒரே அறை வீடு. பிள்ளை இவள் ஒருத்திதான்.

நோவு ஆரம்பித்தபோது அவளுக்கு நாலு வயது. காலையில் பாயைவிட்டு எழமாட்டாள். "தூக்கு நைனா" என்று கையை நீட்டுவாள். தூக்கினால் கால் மடங்கினது மடங்கினபடியே இருக்கும். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். சாயங்காலம் நாய்க்குட்டியோடு தெருவில் ஓடுவாள். காலையில் நடக்காத பிள்ளை சாயங்காலம் ஓடினால் என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று தெருவில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு முட்டி பன்ரொட்டி மாதிரி உப்பியது. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் விரல்கள். அதற்குமேல் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இப்போது வைத்தியம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை. அதைக் கண்டாலே குமட்டும் அவளுக்கு. மனைவி மாங்காய்த் துண்டில் உப்பு மிளகாய்த்தூள் தடவித் தயாராக வைத்திருப்பாள். மாத்திரை உள்ளே, மாங்காய் பின்னாலே. மாங்காய் கிடைக்காத மாதங்களில் நெல்லிக்காய். ரத்தம் எடுப்பார்கள். கண்ணையும் பார்ப்பார்கள். முட்டிக்கு வைத்தியம் என்றால் கண்ணை ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். இந்த நோவு சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகுமாம். இதுவரை போகவில்லை. கண் டாக்டரிடம் போவது அவளுக்குப் பிடிக்கும். இயந்திரத்தில் தாடையை வைத்துக்கொண்டு, "உங்க மூக்கு பெருசா தெரியுது டாக்டர்" என்பாள்.

காலை வேளைதான் கஷ்டம். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். என்னிடம் இல்லாத சூடா? விடிந்ததும் முதலில் கரியைப் பற்றவைப்பேன். பெட்டி காய்ந்ததும் பழைய வேட்டித் துண்டுகளை ஈரம் தெளித்துத் தேய்ப்பேன். ஆவி வரும். என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். என் கன்னம் தாங்கினால் போதாது, என் தோல் தடித்த தோல். மனைவியின் கன்னத்திலும் வைத்துப் பார்ப்பேன். "இன்னாய்யா, தெனமும் என்னிய சுட்டுப் பாக்குற" என்பாள். அவள் சரி என்றால்தான் பிள்ளைக்கு. முட்டிக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களைச் சேர்த்து ஒன்று.

அவள் அதற்கு இட்லி என்று பேர் வைத்திருக்கிறாள்.

"நைனா, இட்லி ஆறிப்போச்சு. வேற போடு."

"சட்னி வோணுமா?"

"வாணாம். இந்தக் காலுக்கு இன்னொண்ணு வையி."

தெருவில் போகிறவர்கள் வீட்டு வாசலில் இதைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். தட்டு இருக்காது. பிள்ளை காலில் துணியோடு சிரித்துக்கொண்டு கிடக்கும். அரைமணி நேரம் போனால் இளகிவிடும். மெதுவாக எழுந்து நிற்பாள். அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நான் வாயால் கேட்பதில்லை. வாசற்படியை எப்படி இறங்குகிறாள் என்று பார்ப்பேன். பக்கவாட்டில் இறங்கினால் சுமார். நேராக இறங்கினால் நல்ல நாள். குதித்து இறங்கினால், "குதிக்காத" என்று கத்துவேன். கத்தும்போது மனசுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

விரலுக்குப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். பந்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறேன் என்றாள். தேய்ப்பதற்கு முன்னால் விரலை நனைத்துச் சுண்டித் தெளிப்போம். மடக்கி விரித்து, மடக்கி விரித்து. விட்டேன். ஒரு சட்டையைத் தெளிக்கச் சொன்னால் குளிப்பாட்டிவிடுவாள். அந்த வாரம் பெட்டி வைத்த துணியிலெல்லாம் ஆவி பறந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தெளிக்கட்டும். ஆனா பந்தையும் விடாதீங்க. பிடிக்கிற பலம் அதுலதான் வரும்" என்றார். பந்து நாய்க்குட்டியிடம் போயிருந்தது. வாங்கிக் கழுவிக் கொடுத்தேன்.

போன வருஷம் பங்குனியில்தான் மோர்ப் பேச்சு ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் அறுபத்துமூவர் உற்சவம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாடவீதியிலும் தலையாகத்தான் தெரியும். அடிக்கு ஒரு பந்தல். மோர், பானகம், தண்ணீர், சுண்டல். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் மோர்ப் பந்தல் போடுவார்கள். போன வருஷம் அவளை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பந்தலில் ஒரு சின்னப் பெண், ஆட்டோக்காரர் ஒருவருடைய மகள், கரண்டியால் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவள் சாமியைப் பார்க்கவில்லை. அந்தக் கரண்டியையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் ஊத்துவேன்."

பிள்ளைகள் சொல்லும், மறக்கும். இவள் மறக்கவில்லை. பொங்கல் முடிந்ததும் கேட்க ஆரம்பித்தாள். சாமி எப்ப வரும்? நான் எப்ப ஊத்துவேன்? பந்து அமுக்கச் சொன்னால் அமுக்கினாள், மோர் ஊற்ற வேண்டும் என்று. ஊசி போட்டார்கள், அழுதுகொண்டே கேட்டாள், "இது போட்டா கரண்டி பிடிக்க முடியுமா?" அவளுக்கு அந்த ஒரு ஆசைதான். எனக்கு அதனால் ஒரு கவலை. இதைச் செய்ய முடியாமல் போனால், தன் கையால் எதுவும் ஆகாது என்று நினைத்துவிடுவாளோ என்று. ஆறு வயசில் அது மனசில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த மாத்திரை இறக்கும்?

ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவரிடம் போய்க் கேட்டேன். பந்தல் பொறுப்பு அவரிடம். பெரிய மீசை, பெரிய குரல், ஆம்பளைகள் எல்லாரும் அவருக்கு நைனாதான். என் மகளை எங்கே பார்த்தாலும் கன்னத்தைக் கிள்ளுவார். ஆனாலும் யோசித்தார்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. கூட்டம் எப்டி வரும்னு ஒனக்கே தெரியும். சடசடன்னு ஊத்தி அனுப்பிக்கினே இருக்கணும். கொஞ்சம் தேங்குச்சுன்னா போலீஸ் வந்து பந்தலயே பிரிச்சுப் போடுன்னுவாங்க."

"கொஞ்ச நேரம் நின்னா போதும்ணா."

"கொழந்த கையில வலி வந்துட்டா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் முந்திக்கொண்டாள்.

"மாமா, எனக்கு மத்தியானத்துல வலிக்காது. காலைலதான். சாமியும் மத்தியானந்தான வருது?"

தலைவர் மீசையைத் தடவினார். "சரி. ஒண்ணு பண்ணு. ஒரு நாள் தண்ணி வெச்சு ஊத்திக் காட்டு. கீழ சிந்தாம டம்ளர்ல ஊத்திட்டன்னா நீ பந்தல்ல நில்லு."

"சிந்துனா?"

"சிந்துனா பானகப் பந்தலுக்குப் போயிடு. அவனுங்க எப்டியும் சிந்திக்கினுதான் இருப்பானுங்க."

அன்றிலிருந்து வண்டிக்குப் பக்கத்தில் பயிற்சி. ஒரு குண்டான் தண்ணீர், குழம்புக் கரண்டி, டம்ளர். நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்டூல். முதல் நாள் கரண்டி டம்ளருக்கு வருவதற்கு முன்னாலேயே சுழன்று கவிழ்ந்தது. கரண்டிக்காம்பு மெல்லிசு. அவள் விரல்கள் முழுதாக மூடாது. காம்பு உள்ளே உருளும். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அது பலகை மேல் இருந்த யாரோ ஒருவர் வீட்டு வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

"இந்தக் கரண்டி கெட்ட கரண்டி" என்றாள்.

நான் சட்டையை உதறிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். கையில் பெட்டிதான் இருந்தது, அதன் பிடியைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் பிடியை யாரும் வெறும் கட்டையாகப் பிடிப்பதில்லை. துணி சுற்றுவோம். கை வியர்த்தாலும் நழுவாது, முழுதாக மூடாமலே பிடி நிற்கும். நாள் முழுக்கப் பிடித்தாலும் விரல் மரத்துப்போகாது. பென்சிலுக்குக்கூடத் தடியாக ரப்பர் மாட்டிக்கொடுக்கச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். மாட்டியிருந்தோம். கரண்டிக்கு ஏன் தோன்றவில்லை?

காம்பில் பஞ்சு வைத்தேன். அதன்மேல் காடாத்துணியை இறுக்கிச் சுற்றினேன். நூல் கட்டினேன். நனையாமல் இருக்க மேலே பால் கவரைக் கிழித்து ஒட்டினேன். மனைவி வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கரண்டிக்கு மாவுக்கட்டு போட்டுவெச்சிகீற?"

"புடிக்கட்டும், பாரு."

பிடித்தாள். உருளவில்லை. தண்ணீரை மொண்டாள். டம்ளர் வரைக்கும் கொண்டுவந்தாள். ஊற்றினாள். பாதி உள்ளே, பாதி என் செருப்பில்.

"உள்ள வுழுந்துச்சு நைனா!"

அவள் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. டம்ளரில் ஊற்றின தண்ணீரைக் குடிக்க ஆள் வேண்டும் என்றாள். நான் குடித்தேன். துணி கொடுக்க வந்தவர்கள் குடித்தார்கள். நாய்க்குட்டியும் குடித்தது. பெரிய கரண்டியானால் ஒன்று போதும், ஆனால் அதன் கனம் மணிக்கட்டு தாங்காது. சின்னக் கரண்டியில் ஒரு டம்ளருக்கு இரண்டு தடவை ஊற்ற வேண்டும். அவசரமே படமாட்டாள். மொள்வாள், கரண்டியின் அடியைக் குண்டான் விளிம்பில் ஒருதரம் வழிப்பாள், ஊற்றுவாள். மறுபடியும் மொள்வாள், வழிப்பாள், ஊற்றுவாள். அப்புறம் குடிக்கிறவர் முகத்தைப் பார்த்து, "போதுமா?" என்பாள்.

தலைவர் ஒரு நாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அவருக்கும் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

"ஏன் பாப்பா, ரெண்டு கரண்டி?"

"ஒண்ணு தாகத்துக்கு. ஒண்ணு டேஸ்ட்டுக்கு."

தலைவர் என்னைப் பார்த்தார். "நிக்கட்டும் நைனா. ஆனா லேட்டாவுது பாரு. ஒரு பத்து பேருக்கு ஊத்தட்டும், அப்பால நம்ம பசங்க கைய மாத்திக்குவாங்க. இன்னா?"

"சரிண்ணா."

அவளிடம் பத்து பேர் என்று நான் சொல்லவில்லை.

உற்சவத்தன்று காலையில் மோசம். விடியும்போதே முனகினாள். இரண்டு முட்டியும் இறுகிக் கிடந்தது. விரல்கள் ஒன்றும் மடங்கவில்லை. முந்தின நாள் மழையும் இல்லை, பனியும் இல்லை. இந்த நோவுக்கு அதெல்லாம் தேவையில்லை, அதற்குத் தோன்றினால் வரும். துணி வைத்தேன். மாற்றி மாற்றி வைத்தேன். அன்றைக்கு இட்லி என்று அவள் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"மணி இன்னா நைனா?"

"இன்னும் நேரம் கீது."

"சாமி கெளம்பிடுச்சா?"

"இல்ல. அவரும் இப்பதான் எழுந்து குளிச்சிக்கினு கீறாரு."

"அவருக்கும் காலைல வலிக்குமா?"

"அத்தினி பெரிய உடம்பு. வலிக்காம?"

இதற்கு லேசாகச் சிரித்தாள். மனைவி வெந்நீரில் குளிப்பாட்டினாள். பதினோரு மணி வாக்கில் ஒரு விரல் மடங்கியது. அப்புறம் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பாவாடை சட்டை போட்டு, மணிக்கட்டுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டையைக் கட்டி, கூட்டத்துக்காக மாஸ்க் போட்டுவிட்டாள் மனைவி. மாத்திரையினால் சளி காய்ச்சல் சீக்கிரம் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வாசற்படியில் பக்கவாட்டில் இறங்கினாள். இறங்கி நின்று, "கரண்டி எங்க?" என்றாள்.

பந்தலில் மூன்று பெரிய டிரம். பெரிய டிரம்களில் ஸ்டாண்டுப் பையன்கள் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு மேசை, அதன்மேல் ஒரு குண்டான், அதற்குப் பின்னால் ஸ்டூல். அதுதான் அவள் இடம். சில்லென்றிருந்தால் அவள் விரல் இறுகும், குண்டானில் மட்டும் ஐஸ் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். போடவில்லை. நான் பேப்பர் டம்ளரை எடுத்து வைப்பேன், அவள் ஊற்றுவாள், மனைவி எடுத்துக் கொடுப்பாள். இதுதான் ஏற்பாடு.

முதல் ஆள் ஒரு கான்ஸ்டபிள். நெற்றியெல்லாம் வியர்வை. கையை நீட்டினார். இவள் மொண்டாள். வழித்தாள். ஊற்றினாள். மறுபடியும் மொண்டாள். அவர் கை நீட்டியபடியே நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாவும் பிள்ளையும். அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் பந்தல் கம்பு. வேறு வழியில்லாமல் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நிற்க வேண்டும். அவள் "போதுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் எட்டுப் பேர் நின்றார்கள்.

கூட்டம் தேங்கிவிட்டது. தலைவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்.

அவர் வருவதற்குள் இன்னும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். நாலு பேர் வரிசையில் நின்றால் ஐந்தாவது ஆள் போய் நிற்பான். எதற்கு என்று அப்புறம்தான் கேட்பான்.

"இன்னா குடுக்குறாங்க இங்க?"

"தெர்ல. லைனு நிக்குது."

"பிரசாதமா?"

"மோருன்றாங்க."

"மோருக்கா இவ்ளோ பெரிய லைனு? அங்க சும்மாவே ஊத்திக்கினு கீறாங்களே."

"அது சாதா மோரு. இது இன்னாவோ வேற போலகீது. பாரு, அளந்து அளந்து ஊத்துது கொழந்த."

பெரிய டிரம் பக்கம் நின்றவர்கள் இதைக் கேட்டார்கள். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். ஸ்டாண்டுப் பையன்கள் சொம்பும் கையுமாக ஆள் இல்லாமல் நின்றார்கள். "அண்ணே வாங்கண்ணே, இங்கயும் மோருதாண்ணே" என்று ஒருவன் கத்தினான். யாரும் திரும்பவில்லை. குண்டான் காலியானது. அவன் தன் டிரம்மிலிருந்து இரண்டு சொம்பு கொண்டுவந்து இவள் குண்டானில் ஊற்றினான். "அதே மோருதாம்பா இது, பாத்துக்கோங்க!" என்றான் வரிசையைப் பார்த்து. அதையும் யாரும் கேட்கவில்லை.

தலைவர் வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் முதலில் குடித்த கான்ஸ்டபிள் திரும்பி வந்தார். தலைவர் முகம் செத்துப்போனது.

"யாருப்பா இந்தப் பந்தல் பொறுப்பு?"

"நான்தாங்க சார். இதோ இப்பவே..."

"இந்த ரோட்டுலயே உங்க பந்தல்தான்யா ஒழுங்கா லைன்ல நிக்குது. மத்ததெல்லாம் மேல மேல வுழுந்துக்கினு கெடக்கு. இப்டியே மெயின்டெயின் பண்ணு."

போய்விட்டார். தலைவர் திறந்த வாயை மூடினார். மீசையை முறுக்கினார். பிறகு வரிசையின் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "லைன்ல வாங்க, லைன்ல வாங்க, எல்லாருக்கும் கீது" என்று அவருடைய பெரிய குரலில் ஆரம்பித்தார். பத்து பேர் என்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

வரிசையில் ஒரு அம்மாள் மனைவியிடம் கேட்டார், குழந்தை கையில் என்ன பட்டை என்று. மூட்டுவாதம் என்று மனைவி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அது வரிசையில் பின்னால் போகப் போக என்ன ஆனதோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வயசானவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு மாமி, மடிசார் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றி ஊன்றி வந்தார்.

"முட்டி வலிக்கு ஏதோ மோர் தரேளாமே?"

"சாதா மோர்தாம்மா" என்றேன்.

"அப்படித்தான் சொல்வேள். க்யூவைப் பார்த்துண்டுதானே வரேன். என்ன போட்டிருக்கேள்? சுக்கா?"

"பெருங்காயம், கறிவேப்பில, இஞ்சி. அவ்ளோதாம்மா."

மாமி நம்பவில்லை. இவள் கரண்டியை நிறுத்திவிட்டு மாமியைப் பார்த்தாள்.

"பாட்டி, உங்களுக்கும் காலைல மடங்காதா?"

"மடங்கவே மடங்காதுடி கொழந்தே. எழுந்துக்கறதுக்குள்ள போறும் போறும்னு ஆயிடும்."

"எனக்கும். இட்லி வெச்சிக்குங்க, சரியாயிடும்."

"இட்லியா? முட்டிலயா?"

"சுடுதுணி பாட்டி. எங்க நைனா பெட்டில தேச்சுத் தருவாரு."

"எங்காத்துல எனக்கு யாருடி தேச்சுத் தருவா?"

இவள் யோசித்தாள். "எங்க நைனாவாண்ட துணி குடுங்க. தேச்சுக் குடுப்பாரு. ஆனா நீங்க சீக்கிரம் வரணும். மொதல்ல எனக்கு."

மாமி குடையைக் கையில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். "போதுமா?" என்றாள் இவள். "இன்னும் கொஞ்சம் விடு" என்றார் மாமி. மூன்றாவது கரண்டி விழுந்தது. அதுவரை யாருக்கும் மூன்றாவது கரண்டி விழவில்லை.

தூரத்தில் மேளம் கேட்டது. சாமி வருகிறது என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்கள். இடத்தை விடவில்லை. இவளும் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டாள். கை முழுதாகச் சேரவில்லை, நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அப்புறம் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழிக்கும்போது கொஞ்சம் நடுங்க ஆரம்பித்திருந்தது. "கைய மாத்திக்கலாமா பாப்பா?" என்றேன். "வாணாம்" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கோ." "உக்காந்துக்கினுதான கீறேன்." உண்மைதான். மனைவி பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அவள் தட்டிவிடவில்லை. இரண்டு பேருமாக ஊற்றினார்கள்.

எனக்கு நா வறண்டது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. டம்ளர் அடுக்கும் வேலையை ஸ்டாண்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு, மேசைக்கு முன்பக்கமாக வந்து கையை நீட்டினேன்.

"எனக்கு ஒண்ணு ஊத்து பாப்பா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"லைன்ல வா நைனா."

மனைவி திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தலைவர், "ஆமா நைனா, லைன்ல வா, எல்லாருக்கும் கீது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

போனேன். வரிசை சுவரை ஒட்டி எங்கள் தெருவுக்குள்ளேயே வளைந்து வந்திருந்தது. கடைசியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு இளவட்டங்கள் வந்து நின்றார்கள்.

"அண்ணே, இன்னா குடுக்குறாங்க?"

"மோரு."

"நல்லாகீதா?"

"இன்னும் குடிக்கல."

மெதுவாகத்தான் நகர்ந்தது வரிசை. அவசரப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எட்டாக வைத்தேன். என் முறை வந்தது. மொண்டாள். வழித்தாள். ஊற்றினாள். மறுபடியும் மொண்டு, வழித்து, ஊற்றினாள். சிந்தவில்லை. யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, "போதுமா?" என்றாள்.

"போதும்மா" என்றேன்.

ஓரமாக வந்து குடித்தேன். உப்பு தூக்கல். பின்னால் நின்ற பையன் எட்டிப் பார்த்தான்.

"எப்டிகீது அண்ணே?"

"நில்லுப்பா. நின்னு வாங்கு" என்றேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.